முழங்கைக்குக் கீழே அரைச் சாண்

இத்தாலிக்குப் போகிறேன் என்று வானொலி நிலையத்தில் சொன்னபோது எல்லாரும் கேட்டது ஒரே கேள்விதான்: “வெனிஸா, ரோமா?”

“மிலான். கிச்சன் கேபினட் பார்க்கப் போறேன்” என்றேன்.

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். கேபினட் பார்க்க கிள்ளான் போனால் போதாதா, அதற்குப் பதின்மூன்று மணி நேரம் பறக்க வேண்டுமா என்று கேட்டார் ஒலிப்பதிவுக் கூடத்துச் சக ஊழியர் ஒருவர்.

அவர் கேட்டதில் நியாயம் உண்டு. ஆனால் அது என்னுடைய பயணம் அல்ல. பெரியம்மா மகன், எனக்கு அண்ணன், அவருடைய பயணம். நான் துணைக்கும் மொழிக்கும் போனவள். அண்ணன் காப்பாரில் சிறிய பட்டறை வைத்து இருபத்தைந்து ஆண்டுகளாகச் சமையலறை அலமாரி செய்கிறார். ஆறு பேர் வேலை செய்கிறார்கள். ஒரு காலத்தில் தீபாவளிக்கு மூன்று மாதம் இருக்கும்போதே அவரிடம் சொல்லி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் பொங்கலுக்குத்தான் கிடைக்கும்.

இப்போது அப்படி இல்லை. நம் ஊரில் கேபினட்டுக்கு அடிக்கணக்கில் விலை சொல்வது வழக்கம். ஓர் அடிக்கு எத்தனை வெள்ளி என்று வாட்ஸ்அப்பில் கேட்பார்கள். பத்துக் கடையில் கேட்டு, குறைந்த விலை சொன்னவருக்குக் கொடுப்பார்கள். ஆயத்தமாகவே வந்து இறங்கும் அலமாரிகள் ஒரு பக்கம், கறையானும் ஈரமும் அண்டாத அலுமினிய கேபினட் ஒரு பக்கம். தண்ணீர் பட்டால் உப்பிப்போகும் சிப்போர்டைப் பார்த்து நொந்தவர்கள் அலுமினியத்துக்குப் போவதில் தப்பில்லை என்று அண்ணனே சொல்வார். ஆனால் பட்டறைக்கு வரும் வேலை பாதியாகிவிட்டது. இடத்துக்காரர் வாடகையை ஏற்றப்போவதாகச் சொல்லியிருந்தார். மகனுக்கு இந்தத் தொழிலில் விருப்பமில்லை.

“வருஷக் கடைசிக்குள்ள ஒரு முடிவு எடுக்கணும்மா. மூடறதுன்னா மூடலாம். அதுக்கு முன்னால ஒரு தடவை அதைப் பாத்துட்டு வந்துடறேன்” என்றார்.

அண்ணிக்குக் கோபம். பலகை ஓரத்தில் பட்டை ஒட்டும் இயந்திரம் ஒன்றைப் பழைய விலைக்கு வாங்கச் சேர்த்து வைத்திருந்த பணம் அது. “அந்தக் காசுல மெஷின் வாங்கியிருந்தா சோறு போடும். இத்தாலி என்ன போடும்?” என்று கேட்டார். விமான நிலையம் வரை அண்ணனிடம் பதில் இல்லை.

அவர் பார்க்க விரும்பிய ‘அது’, யூரோகுச்சீனா. மிலானில் 1961 முதல் நடந்துவரும் சலோனே டெல் மொபிலே என்ற அறைகலன் கண்காட்சியின் சமையலறைப் பிரிவு. இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறைதான் வரும். நாங்கள் போனது 2024 ஏப்ரல் 16 முதல் 21 வரை நடந்த கண்காட்சிக்கு. அந்த ஆறு நாளில் மொத்தக் கண்காட்சிக்கும் 3 லட்சத்து 70 ஆயிரம் பேர் வந்தார்கள் என்று ஏற்பாட்டாளர்கள் பிறகு அறிவித்தார்கள். முதல் நான்கு நாள் தொழில் செய்பவர்களுக்கு மட்டும். சனி, ஞாயிறுதான் பொதுமக்களுக்கு. அண்ணன் தன் பட்டறைப் பெயரில் பதிவு செய்து அனுமதி அட்டை வாங்கியிருந்தார். அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கண்ணாடியில் இரண்டு தடவை பார்த்துக்கொண்டார்.

அந்த வாரம் மிலான் நகரமே வடிவமைப்பு விழாவாக மாறிவிடும். விடுதி வாடகை கைக்கு எட்டாது. நாங்கள் லெஞ்ஞானோ என்ற சிற்றூரில் தங்கி தினமும் ரயிலில் போனோம். கண்காட்சி நடக்கும் ரோ வளாகத்தை வடிவமைத்தவர் மாசிமிலியானோ ஃபுக்சாஸ் என்ற இத்தாலியக் கட்டடக் கலைஞர், 2005இல் திறந்தார்கள். நடுவில் ஓடும் நடைபாதைக்கு மேலே அலை அலையாய் ஒரு கண்ணாடிக் கூரை. அதன் நீளம் 1.3 கிலோமீட்டருக்கு மேல். முதல் நாள் அந்தக் கூரையின் கீழ் நடந்தே கால் வலித்தது. அண்ணன் மேலே பார்க்கவே இல்லை. கூடத்தின் எண்ணைத் தேடிக்கொண்டு முன்னால் போய்க்கொண்டிருந்தார்.

உள்ளே நுழைந்ததும் எனக்கு முதலில் தெரிந்தது அமைதிதான். ஒலியை வைத்துப் பிழைப்பவள் என்பதாலோ என்னவோ, எங்கே போனாலும் காதுதான் எனக்கு முந்திக்கொள்ளும். அத்தனை கூட்டத்திலும் சமையலறைகளுக்குச் சத்தமே இல்லை. கதவை எவ்வளவு வேகமாகத் தள்ளினாலும் கடைசி நேரத்தில் மெதுவாகி, மூச்சு விடுவதுபோல் மூடிக்கொண்டது. கீலுக்குள் எண்ணெய் நிரம்பிய சின்ன உருளை ஒன்று வேகத்தை வாங்கிக்கொள்கிறது என்று அண்ணன் விளக்கினார். லாச்சியும் அப்படியே. நம் வீட்டில் கோபம் வந்தால் கேபினட் கதவைத்தான் ‘டமார்’ என்று சாத்துவார்கள். இங்கே கோபத்தைக் காட்டக்கூட வழியில்லை.

அடுத்து, சமையலறையே கண்ணில் படவில்லை. 2024இன் பெரிய போக்கு அதுதான். சுவர் மாதிரி நிற்கும் மரக்கதவு இரண்டாகப் பிரிந்து பக்கவாட்டில் உள்ளே போய் ஒளிந்துகொள்ளும். அதற்குப் பின்னால் தொட்டி, அடுப்பு, காப்பி இயந்திரம் எல்லாம் இருக்கும். மூடிவிட்டால் வரவேற்பறைச் சுவர். இன்னோர் இடத்தில் வெறும் கல் மேசை. அடுப்பு எங்கே என்று தேடினால், அந்தக் கல்லுக்கு அடியில் இண்டக்‌ஷன் சுருள் இருக்கிறதாம். கல்மேலேயே பாத்திரத்தை வைத்தால் சூடாகும். சமையல் முடிந்தால் அதே இடத்தில் பிள்ளைகள் வீட்டுப்பாடம் எழுதலாம்.

பார்க்க அழகுதான், நான் மறுக்கவில்லை. அந்த மங்கலான வெளிச்சத்தில், விரல் பட்டாலே வழுக்கும் பளிங்கின் முன்னால் நின்றபோது எனக்கும் ஆசை வந்தது. ஆனால் எல்லாக் கூடத்திலும் ஒரே எண்ணம் இருப்பது போலத் தோன்றியது: இங்கே சமைப்பது வெளியில் தெரியக் கூடாது. நம் ஊர்த் தெரஸ் வீடுகளில் நாம் இதை வேறு விதமாகச் செய்கிறோம். முன்னால் ‘டிரை கிச்சன்’, பார்வைக்கு. பின்னால் ‘வெட் கிச்சன்’, மீன் கழுவ, சம்பல் வதக்க, குழம்பு கொதிக்க. விருந்தாளி உட்காருவது முன்னதில். அம்மா நிற்பது பின்னதில்.

அண்ணன் பார்த்ததோ வேறு. மற்றவர்கள் முன்னாலிருந்து படம் எடுக்க, இவர் குனிந்து மேடையின் அடிப்பக்கத்தைத் தடவினார். அலமாரியின் பின்பலகையைத் தட்டிப் பார்த்தார். லாச்சியை முழுக்க இழுத்து ஓரத்தில் கையால் அழுத்தினார், தொய்கிறதா என்று. ஓர் அரங்கில் அழகாக உடுத்தியிருந்த விற்பனையாளர் வந்து, நீங்கள் எந்த நிறுவனம் என்று ஆங்கிலத்தில் கேட்டார். மலேசியா, சொந்தப் பட்டறை, ஆறு பேர் என்று நான் சொன்னேன். அவர் புன்னகைத்தார். விலைப்பட்டியல் புத்தகத்தை எடுக்க நீட்டிய கையைப் பாதியில் திருப்பிக்கொண்டு, ஒரு பக்கத் துண்டறிக்கையைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

அண்ணனுக்கு அது புரியாமல் இல்லை. துண்டறிக்கையை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, “எட்ஜிங் நல்லாருக்கு. கோடே தெரியல” என்று மட்டும் சொன்னார்.

சமையல் கருவிகள் பிரிவில் அடுப்புக்கு நடுவிலேயே புகையை உறிஞ்சும் கருவி ஒன்றை இயக்கிக் காட்டினார்கள். தலைக்கு மேலே கூண்டு வேண்டாம். ஆவியைக் கீழே இழுத்துவிடும். தட்டையான தவாவில் காய்கறி வதக்கினார்கள். ஆவி வளைந்து, பாம்பு புற்றுக்குள் போவதுபோல உள்ளே போனது. எல்லாரும் கைதட்டினார்கள்.

அண்ணன் என் காதில், “ஒரு குண்டான் சாம்பார் வெச்சா?” என்றார். நான் கேட்டேன். செய்து காட்டியவர் நேர்மையானவர். உயரமான பாத்திரம் என்றால் ஆவி கருவியைத் தாண்டி மேலே போய்விடும், மூடியைச் சற்றுச் சாய்த்து வைக்க வேண்டும் என்றார். அடுத்தது, “எண்ணெயில் கடுகு வெடித்தால்?” கடுகு வெடிப்பதை எப்படி விளக்குவது? அண்ணன் இரண்டு கை விரல்களையும் பட்பட்டென்று விரித்துக் காட்டி, மேலிருந்து கீழே தெறிப்பதைத் தலையாட்டிக் காட்டினார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தபடி, வடிகட்டியைக் கழற்றிப் பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் போடலாம் என்றார். அண்ணன் குறிப்பேட்டில் எழுதியது: ‘தாளிப்புக்கு மேல் கூண்டே நல்லது.’

நம் வாசகர்களுக்கும் இது பயன்படும் என்பதால் சொல்கிறேன். இண்டக்‌ஷன் அடுப்பு வாங்குமுன் வீட்டுப் பாத்திரங்களின் அடியில் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டினால் சூடாகும். இரும்புத் தோசைக்கல் வேலை செய்யும். சாதாரண அலுமினியக் குண்டானும் மண்சட்டியும் வேலை செய்யா. அடி உருண்டையான குவாலி தட்டை அடுப்பில் நிற்காது. அந்த மீன்குழம்புச் சட்டிக்கு எரிவாயு அடுப்பு ஒன்றாவது வேண்டும்.

மூன்றாம் நாள்தான் பயணத்துக்குக் காரணம் கிடைத்தது.

ஜெர்மானிய நிறுவனம் ஒன்றின் அரங்கு. பளபளப்பு குறைவு, கூட்டமும் குறைவு. நடுத்தர வயதுப் பெண் ஒருவர் அண்ணனை நேராக நிற்கச் சொன்னார், முழங்கையை மடக்கச் சொன்னார். தரையிலிருந்து முழங்கை வரை அளந்தார். அதில் 10 முதல் 15 செ.மீ. வரை கழித்தால் வருவது, நீங்கள் காய் நறுக்கும் மேடையின் உயரம் என்றார். அடுப்பு அதைவிடச் சற்றுத் தாழ்வாக இருக்கலாம், ஏனென்றால் பாத்திரத்துக்கும் ஓர் உயரம் உண்டு. தொட்டி சற்று உயரமாக இருக்கலாம், ஏனென்றால் நம் கை தொட்டியின் அடிவரை போகிறது. அலமாரிப் பெட்டியின் உயரத்தையும் அதைத் தாங்கும் காலின் உயரத்தையும் மாற்றி மாற்றிச் சேர்த்து, ஆளுக்கேற்ற மேடை செய்து கொடுக்கிறார்களாம். இது புதுக் கண்டுபிடிப்பு அல்ல, பல ஆண்டுகளாகச் செய்வது என்றும் சொன்னார்.

அண்ணன் எதுவும் பேசவில்லை. வெளியே வந்து ஒரு பெஞ்சில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து, “நான் எல்லா வீட்டுக்கும் 34 இல்லேன்னா 36 இஞ்சுதான் செஞ்சேன். அம்மாவுக்கும் 36தான்” என்றார்.

எனக்குப் பெரியம்மாவின் சமையலறை நினைவுக்கு வந்தது. பெரியம்மா ஐந்தடிக்கும் குறைவு. அடுப்பின் முன்னால் ஒரு மணைக்கட்டை கிடக்கும். குழம்பு கிளற அதன்மேல் ஏறி நிற்பார், உப்பு எடுக்க இறங்குவார், மறுபடி ஏறுவார். அந்தக் கட்டையை வழவழப்பாக இழைத்து, வழுக்காமல் இருக்க மேலே ரப்பர் ஒட்டிக் கொடுத்தது அண்ணன்தான். அம்மாவுக்குச் செய்தது என்று அதற்கு வார்னிஷ்கூட இரண்டு பூச்சு. இருபது ஆண்டு தோள்வலிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டவர் அவர். மேடையைக் குறை சொன்னதே இல்லை. மகன் செய்தது அல்லவா.

36 அங்குலம் என்றால் 91 செ.மீ. பெரியம்மாவின் முழங்கை ஏறத்தாழ 92 செ.மீ. உயரத்தில் இருக்கும். அவருக்கு வேண்டிய மேடை 80 செ.மீ. அளவில். பெஞ்சில் உட்கார்ந்தே அண்ணன் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தார்.

சமையலறைக்கும் அதில் நிற்பவருக்கும் உள்ள இந்தக் கணக்கை முதலில் தீவிரமாக யோசித்தவர்களில் ஒருவர் மார்கரெட் ஷூட்டெ-லிஹோட்ஸ்கி. வியன்னாவைச் சேர்ந்த கட்டடக் கலைஞர். 1926இல் ஜெர்மனியின் ஃபிராங்ஃபர்ட் நகரில் தொழிலாளர் குடியிருப்புகளுக்காக ஒரு சமையலறையை வடிவமைத்தார். அகலம் 1.9 மீட்டர், நீளம் 3.4 மீட்டர், அவ்வளவுதான். ரயில் உணவுப்பெட்டியின் சமையலறையைப் பார்த்து, எத்தனை அடி எடுத்துவைக்க வேண்டும், எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று கணக்கெடுத்துச் செய்தது. உட்கார்ந்து வேலை செய்ய ஒரு சுழல் நாற்காலிகூட உண்டு. ஏறக்குறைய 10,000 வீடுகளில் அதைப் பொருத்தினார்கள். இன்றைய ‘ஃபிட்டட் கிச்சன்’ எல்லாவற்றுக்கும் பாட்டி அது. அதை வடிவமைப்பதற்கு முன் தான் சமைத்ததே இல்லை என்று அவரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். சமைக்காதவர் என்றாலும், சமைப்பவரின் அடிகளை எண்ணிப் பார்த்தார். பிறகு அந்த அளவுகள் தொழிற்சாலைக்குப் போயின. ஒரே அளவு எல்லாருக்கும் என்றாகிவிட்டது. அந்த ஒரே அளவில் நம் பெரியம்மாக்கள் எப்போதுமே அடங்கியதில்லை.

ஐந்தாம் நாள் கண்காட்சிக்குப் போகவில்லை. கடோர்னா நிலையத்தில் ரயிலேறி மேடா என்ற ஊருக்குப் போனோம். மிலானுக்கு வடக்கே உள்ள பிரியான்சா வட்டாரம், நம் மூவார் மாதிரி. மேடா, கான்து, லிஸ்ஸோனே என்று ஊருக்கு ஊர் மரவேலை. உலகப் பெயர் பெற்ற நிறுவனங்கள் பல இந்தப் பக்கம்தான். அறிமுகக் கடிதம் எதுவும் இல்லை. ஒரு பட்டறையின் கதவு திறந்திருந்தது. மரத்தூள் வாசம் வந்தது. அண்ணன் வாசலில் நின்று தன் கையைக் காட்டினார். காய்ப்பு ஏறிய கை. உள்ளே இருந்த பெரியவர் தன் கையைக் காட்டினார். அவருக்கு ஒரு விரல் நுனி இல்லை. அதன் பிறகு என் மொழிபெயர்ப்பு அதிகம் தேவைப்படவில்லை.

தந்தையும் மகளும், இன்னும் நான்கு பேரும் வேலை செய்யும் இடம். பெரிய நிறுவனங்களுக்கு லாச்சியின் பாகங்கள் செய்து தருகிறார்களாம். முந்தின நாள் நாங்கள் இழுத்துப் பார்த்து வியந்த லாச்சிகளில் சில இப்படிப்பட்ட பட்டறைகளிலிருந்து போயிருக்கலாம். எப்படித் தாக்குப்பிடிக்கிறீர்கள் என்று கேட்டேன். இயந்திரம் செய்யக்கூடியதைப் போட்டி போட்டு நாங்கள் செய்வதில்லை என்றார் மகள். ஒன்றே ஒன்று வேண்டும் என்று வருபவர்கள்தான் எங்களைத் தேடுகிறார்கள் என்றார். அண்ணன் அதை இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேட்டார்.

திரும்பி வரும்போது விமானத்தில் அவர் குறிப்பேட்டில் ஒரு பக்கம் முழுக்கக் கோடு போட்டுக்கொண்டிருந்தார். அது பெரியம்மாவின் சமையலறை. கொங்கிரீட் மேடையை உடைத்தால் செலவு, தூசு, பெரியம்மாவின் கோபம். அதனால் தொட்டியை அப்படியே விட்டுவிட்டு, ஒரு பக்கத்தை மட்டும் எடுத்து, 80 செ.மீ. உயரத்தில் நறுக்கும் மேசையும் அதைவிடக் கொஞ்சம் தாழ்வாக அடுப்பும் வைத்தார். மே மாதம் முடிவதற்குள் வேலை முடிந்தது. பெரியம்மா முதல் நாள் நின்று பார்த்துவிட்டு, “என்னடா, தரை உயந்துடுச்சா?” என்று கேட்டார். தோள்வலி ஒரேயடியாகப் போய்விடவில்லை. வயது 78 ஆகிறது. ஆனால் ஏறி இறங்குவது நின்றது.

பட்டறை? மூடவில்லை. இப்போது யாராவது வாட்ஸ்அப்பில் அடிக்கு எத்தனை வெள்ளி என்று கேட்டால் அண்ணன் விலை சொல்வதற்கு முன், வீட்டில் யார் சமைப்பது, அவரை அளக்க வேண்டும், எப்போது வரலாம் என்று கேட்கிறார். பாதிப் பேர் அதோடு பதில் போடுவதில்லை. மீதிப் பேரில் சிலர் வரச் சொல்கிறார்கள். ஒரு தாமானில் மாமியார் 148 செ.மீ., மருமகள் 168. யார் அளவுக்குச் செய்வது என்று இருவரும் மாறி மாறி, “அவங்களுக்கே செய்யுங்க” என்றார்களாம். இரண்டு உயரத்தில் மேடை செய்து கொடுத்தார். இன்னொரு வீட்டில் சமைப்பவர் கணவர்; வெட்கப்பட்டுக்கொண்டே கையை மடக்கிக் காட்டினார். ஆறு பேரில் ஒருவர் ஓய்வுபெற்றுப் போனார், அந்த இடத்தை நிரப்பவில்லை. வாடகை ஏறிவிட்டது. இந்த ஆண்டுக் கணக்கைப் பார்த்துத்தான் அடுத்த ஆண்டு என்கிறார். அண்ணி இன்னும் அந்த இயந்திரத்தைப் பற்றிப் பேசுவதை விடவில்லை. ஆனால் அளவெடுக்கப் போகும்போது குறிப்பேட்டைத் தூக்கிக்கொண்டு கூடவே போவது அவர்தான். பெண்கள் அவரிடம்தான் எங்கே வலிக்கிறது என்று சொல்கிறார்களாம்.

வீடு புதுப்பிக்கும் எண்ணம் உங்களுக்கு இருந்தால், பொதுமக்களுக்கான அறைகலன் கண்காட்சிகளையும் பாருங்கள், இணையப் படங்களையும் பாருங்கள். அதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். வீட்டில் அதிகம் சமைப்பவரை, வழக்கமாகப் போடும் செருப்போடு, நிமிர்ந்து நிற்கச் சொல்லுங்கள். முழங்கையை மடக்கச் சொல்லி, தரையிலிருந்து அளந்து, அரைச் சாண் கழியுங்கள். அந்த எண்ணை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு, பிறகு நிறத்தைப் பற்றிப் பேசத் தொடங்கலாம்.